விசிட்டிங் கார்டின் பின்பக்கம்

செகிகுச்சிக்கு முகங்கள் நினைவில் நிற்காது. ஒசாகாவில் பொட்டலம் கட்டும் இயந்திரங்கள் விற்கிற கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக விற்பனைப் பிரிவில் குப்பை கொட்டுகிறவனுக்கு இது சாதாரணக் குறை அல்ல. அதைச் சமாளிக்க அவன் ஒரு வழி வைத்திருந்தான். யாரிடம் விசிட்டிங் கார்டு வாங்கினாலும், வாசலைத் தாண்டியதும் அதைத் திருப்பி, பின்பக்கத்தில் பச்சை மையில் நாலு வரி எழுதிவிடுவான். "மூக்கில் மச்சம். கால்ஃப் பைத்தியம். வேண்டுமென்றே தோற்றுவிடு." "வழுக்கையை மறைத்துச் சீவியவர். மனைவி பேச்சை எடுக்காதே." கார்டில் தேதியும் இடமும் குறித்துக்கொள்ளாத விற்பனைக்காரன் எந்தக் கம்பெனியிலும் இல்லை. ஆனால் மற்றவர்களுக்குக் கொஞ்சம் பயம் உண்டு, மனதில் பட்டதை அப்படியே எழுதமாட்டார்கள். செகிகுச்சிக்கு அந்தப் பயம் கிடையாது. மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டுகிற கார்டை யார் வந்து படிக்கப்போகிறார்கள்?

வெளியூருக்குப் போகும்போது, பார்க்கப்போகிறவரின் கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு ரயிலில் ஒருமுறை படித்துக்கொள்வான். பிப்ரவரி மாதத்தில் அன்றைக்கும் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தான். பக்கத்து இருக்கையில் இச்சினோசே. பிரிவில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆன பெண், அவனோடு வெளியூர் வருவது இது முதல் தடவை.

"பரீட்சை ஹாலுக்கு வெளியில நின்னு படிக்கிற மாதிரி படிக்கிறீங்களே," என்றாள். "எங்களுக்கும் கொஞ்சம் காட்டக்கூடாதா?"

"இதெல்லாம் தொழில் ரகசியம். காட்டினா பலிக்காது."

"மந்திரம் எழுதின தாயத்து போல இருக்கு!"

அவன் சிரித்துக்கொண்டே கார்டைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டான். எட்டு வருஷத்துக்கு முன்னால் தேதி போட்டு எழுதியது, பச்சை இன்னும் மங்கவில்லை.

"தொகாஷி. பிடிவாதக்காரர். மூன்றாவது குப்பி சாக்கேவில் செத்துப்போன மகன் கதை ஆரம்பிக்கும். நாற்பது நிமிஷம். குறுக்கே பேசாதே. தலையாட்டினால் போதும். மறுநாள் ஆர்டர்." அதற்குக் கீழே, அடுத்த வருஷம் சேர்த்தது: "கடைசியில் அழுவார். கைக்குட்டை கொண்டுபோ."

படித்தபோது அவனுக்குக் கூச்சம் ஒன்றும் வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு சரியாக எழுதியிருக்கிறோம் என்று உள்ளூர ஒரு பெருமைதான். எட்டு வருஷத்தில் தொகாஷி நான்கு இயந்திரங்கள் வாங்கியிருக்கிறார். நான்கும் இந்த நாலு வரியால் வந்தவை.

இந்தத் தடவை வந்தால் ஐந்தாவது, பெரிய இயந்திர வரிசை. வராவிட்டால் செகிகுச்சியின் கதி அதோகதி. இரண்டு வருஷமாக அவனுடைய பிரிவு இலக்கைத் தொடவில்லை. ஏப்ரலில் உன்னை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றலாமா என்று யோசிக்கிறோம் என்று மேலாளர் மிகவும் அன்பாகச் சொல்லியிருந்தார். போதாததற்குத் தொகாஷியின் மகள் நகோயாவில் வங்கி வேலையை விட்டுவிட்டு வந்து நிர்வாகத்தைக் கையில் எடுத்திருக்கிறாளாம். அவளுக்கு வேறொரு கம்பெனியின் இயந்திரம்தான் பிடித்திருக்கிறதாம். அவளை அவன் பார்த்ததே இல்லை. அவளுக்குக் கார்டும் கிடையாது, நாலு வரியும் கிடையாது.

"ஹிமி ஸ்டேஷன் வந்துருச்சு," என்று இச்சினோசே எழுந்தாள். மேலே வைத்திருந்த பரிசுப் பெட்டி, மேல்கோட்டு, குடை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. அவசரத்தில் செகிகுச்சி அந்தக் கார்டைச் சட்டைப் பையில் வைக்காமல் கார்டு உறையில் செருகிவிட்டான். அவனுடைய சொந்தக் கார்டுகளுக்கு மேலே அது உட்கார்ந்துகொண்டது.

*

மீன் தொழில் செய்கிறவர்கள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுகிறவர்கள். அவர்களுக்கு ராச்சாப்பாடு மாலை நாலு மணிக்கே வந்துவிடும். துறைமுகத்துக்கு எதிரே இருந்த உணவகத்தின் மாடி அறையில் வெளிச்சம் இருக்கும்போதே தொகாஷி வந்து உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. வேகவைத்த மீன்கட்டி செய்கிற ஆலையின் முதலாளி. கமாபோகோ என்றால் அந்தக் கரையில் எல்லோரும் அவர் பேரைத்தான் சொல்வார்கள். கல்யாணங்களுக்குச் சிவப்பு மீன் உருவத்தில் வார்த்து, செதிலுக்குச் செதில் சாயம் தீட்டித் தருகிற பெரிய கட்டிகள் அவர் ஆலையில்தான்.

"வாங்க வாங்க, அங்க போங்க, மேல!" என்று ஓவியம் தொங்குகிற சுவர்ப் பக்கம், முக்கிய விருந்தாளி உட்காரும் இடத்துக்குக் கைகாட்டினார்.

"ஐயோ, நான் எப்படி முதலாளி அங்க உக்கார்றது? நான் விக்க வந்தவன். கதவோரம்தான் என் இடம்."

"விக்க வந்தா அது ஆலையில. இங்க நீங்க என் விருந்தாளி. போங்கங்கறேன்ல."

மூன்று தடவை மறுத்தாகிவிட்டது. நாலாவது தடவை மறுத்தால் மரியாதைக் குறைவு என்பதால் செகிகுச்சி போய் மேலிடத்தில் உட்கார்ந்தான். நியாயமாகப் பார்த்தால் இந்த விருந்தை அவன் கம்பெனிதான் வைக்க வேண்டும். எட்டு வருஷமாகத் தொகாஷி விட்டுக்கொடுத்ததில்லை. என் ஊருக்கு வந்தவனை எனக்குச் சோறு போடச் சொன்னால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பார்.

முதல் குப்பி சாக்கே வந்தது, சூடாக்கிய அரிசி மது. இச்சினோசே ஒழுங்காக இரண்டு கையாலும் பிடித்து அவருக்கு ஊற்றினாள். ஆள் கொஞ்சம் தளர்ந்திருக்கிறார் என்று செகிகுச்சி கவனித்தான். தட்டில் இருந்த மீனின் பேரைச் சொல்ல வாயெடுத்தவர், "அது… அதுதான்… குளிர்காலத்துல கொழுத்து வருமே," என்று கையை ஆட்டினார்.

"புரி மீன்," என்றாள் இச்சினோசே.

"அதான்! புரி. பாருங்க, அறுவது வருஷமா அறுக்கற மீனு. இந்த வருஷம் பேருங்கல்லாம் ஒளிஞ்சு விளையாடுது."

அப்போது கதவு நகர்ந்தது. மகள் வந்துவிட்டாள். ஆலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், முடியில் வலைத்தொப்பியின் தடம் இன்னும் இருந்தது. நாற்பது வயது சொல்லலாம். "தாமதத்துக்கு மன்னிக்கணும். தொகாஷி சிஹாரு," என்று கார்டை நீட்டினாள்.

செகிகுச்சி துள்ளி எழுந்தான். இந்தப் பெண்தான் இன்றைக்கு முக்கியம், முதல் பார்வையிலேயே பிடித்துப்போக வேண்டும். உறையைத் திறந்து மேலே இருந்த கார்டை எடுத்தான். இடுப்பை வளைத்து, கண்ணை அவளுடைய கார்டின் மேலேயே வைத்து, அதில் உள்ள பேரை வாய்விட்டுப் படித்து, தன்னுடையதை அவள் கைக்குத் தந்தான். எல்லாம் முறைப்படி. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், தூக்கத்தில் எழுப்பினாலும் செய்வான். தூக்கத்தில்தான் செய்தான் போலிருக்கிறது.

சிஹாரு கார்டைப் பார்த்தாள். பிறகு திருப்பிப் பார்த்தாள். திருப்பிய பக்கத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் பேர் இருக்கிறதா என்று தேடுகிறாள் என்று செகிகுச்சி நினைத்துக்கொண்டான். வங்கியில் இருந்தவளாயிற்றே.

"பெற்றுக்கொண்டேன்," என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்து, கார்டைத் தன் தட்டுக்குப் பக்கத்தில் மேசை மேல் வைத்தாள். வாங்கிய கார்டைப் பேச்சு முடியும்வரை எதிரில் வைத்துக்கொள்வதுதான் மரியாதை. செகிகுச்சியும் அவளுடையதைத் தன் எதிரில் வைத்தான்.

உட்கார்ந்து, கைதுடைக்கும் துணியை எடுத்து, நிமிர்ந்தபோதுதான் பார்த்தான். அவள் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த கார்டில் பச்சை மை.

தலைகீழாகத் தெரிந்தாலும் தன் கையெழுத்து தனக்குத் தெரியாதா? மேசைக்கு அடியில் உறையைத் திறந்து தடவினான். அவன் கார்டுகள் எல்லாம் அப்படியே இருந்தன, தொகாஷியின் கார்டு மட்டும் இல்லை. இல்லாமல் எங்கே போகும்? அதோ, அவருக்கு ஒரு சாண் தூரத்தில், மகளின் தட்டுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது.

செத்துப்போன மகன் என்று எழுதியிருந்தான். அவளுக்கு அது அண்ணன்.

*

அடுத்த அரைமணி நேரம் என்ன சாப்பிட்டான் என்று செகிகுச்சியைக் கேட்டால் சொல்லத் தெரியாது. இச்சினோசேதான் பேசினாள். இயந்திரத்தின் வேகம், கல்யாணக் கட்டியின் வால் நசுங்காமல் படலம் சுற்றுகிற விதம், எல்லாம் அவளே சொன்னாள். சிஹாரு கேள்வி கேட்டாள், நல்ல கேள்விகள். அவ்வப்போது செகிகுச்சியின் பக்கம் திரும்பி, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டாள். கோபம் தெரிந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும். சாக்கே ஊற்றினாள், நண்டுக் காலை உடைத்து அவன் தட்டில் வைத்தாள். கார்டை மட்டும் எடுக்கவில்லை.

தொகாஷி சோயாக் கிண்ணத்தை நகர்த்தக் குனிந்தவர், "இது என்ன, என்னமோ எழுதியிருக்கு?" என்று கண்ணைச் சுருக்கினார்.

சிஹாரு நிதானமாகக் கார்டைத் திருப்பி, முன்பக்கத்தைக் காட்டினாள்.

"உங்க பழைய கார்டுப்பா. பழைய போன் நம்பர் போட்டது."

"அட, ஆமா! இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"செகிகுச்சி-சான் கொண்டுவந்திருக்கார். எட்டு வருஷமா வச்சிருந்தாராம்."

கிழவர் கார்டைக் கையில் எடுத்துவிட்டார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "எட்டு வருஷமா! என் கார்டையா! நானே ஒண்ணு வச்சிருக்கலியே." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்துக்கோ பொண்ணே. நீ வெலை கம்மி, வெலை கம்மின்னு இன்னொருத்தனைச் சொல்றியே, அவன் என் கார்டை எட்டு நாள் வச்சிருப்பானா?"

கார்டு அவர் விரலில் சுழன்றது. பச்சை மை ஒருமுறை மின்னி மறைந்தது. எழுந்து பிடுங்கிக்கொண்டு ஓடலாமா என்று செகிகுச்சிக்குத் தோன்றியது.

"குடுங்கப்பா, சோயா பட்டுரும்," என்று சிஹாரு அதை அவர் கையிலிருந்து எடுத்தாள். எடுத்தவள் மறுபடியும் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். இந்தத் தடவை எழுத்து கீழ்ப்பக்கம் இருக்கும்படி வைத்தாள். அது அவனுக்காகச் செய்ததல்ல, தகப்பனாருக்காகச் செய்தது. செகிகுச்சிக்கு முகமெல்லாம் பற்றி எரிந்தது. இப்படி ஒரு மனிதரைப் பற்றி, அவர் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு வெளியே வந்து, இப்படி எழுதியிருக்கிறோம் என்று அப்போதுதான் முதல்முறையாக உறைத்தது. அதுகூட அவர் மகள் படித்துவிட்டாள் என்பதால் உறைத்தது. யாரும் படிக்காமல் இருந்திருந்தால் உறைத்திருக்காது என்பதும் சேர்ந்தே உறைத்தது.

"இன்னொண்ணு கொண்டா," என்று கிழவர் குரல் கொடுத்தார்.

மூன்றாவது குப்பி வந்தது.

*

"அன்னைக்கும் இப்படித்தான், பனி," என்று தொகாஷி ஆரம்பித்தார்.

செகிகுச்சிக்கு இந்தக் கதை ரயில் பாதை மாதிரி. பனிக்கு அடுத்து கல்யாண வீடு வரும். கல்யாண வீட்டுக்கு அடுத்து வேன், அதற்கு அடுத்து மலைப்பாதைத் திருப்பம், ஆஸ்பத்திரி. ஒவ்வொன்றுக்கும் தலை எவ்வளவு ஆட வேண்டும், ஆஸ்பத்திரியில் கிண்ணத்தை எப்போது கீழே வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. நடுவில் மறுநாள் விலைப்பட்டியலை மனதுக்குள் கூட்டிக் கழிப்பான். ஒரு தடவை ஒரு முழு ஒப்பந்தத்தையே இந்த நாற்பது நிமிஷத்தில் யோசித்து முடித்திருக்கிறான்.

இன்றைக்குத் தலை ஆடவில்லை.

எதிரில் சிஹாரு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கதையை அவள் எத்தனை தடவை கேட்டிருப்பாளோ, இன்றைக்கு அவள் கவனம் கதையில் இல்லை. அவன் கழுத்தில் இருந்தது. ஆட்டினால் கார்டில் எழுதியது அவள் கண்ணெதிரே நடந்ததாகிவிடும். ஆட்டாவிட்டால் கிழவர் மனசு வாடும். கழுத்து விறைத்துப்போய், இரும்புச் சட்டம் வைத்துக் கட்டியவன் போல உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இச்சினோசே முழங்கையை மேசையில் ஊன்றாமல், வாயைத் திறக்காமல், கேட்டுக்கொண்டிருந்தாள்.

கல்யாண வீடு போயிற்று. வேன் போயிற்று. திருப்பம் வந்தது. செகிகுச்சிக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. மேசை மேல் குப்புறக் கிடந்த கார்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன செகிகுச்சி-சான், உடம்பு சரியில்லியா?" என்றார் தொகாஷி திடீரென்று.

"இல்ல முதலாளி… இல்ல."

"இல்ல, எப்பவும் தலையாட்டிட்டுக் கேப்பீங்க. இன்னைக்குக் கல்லு மாதிரி இருக்கீங்களே."

"பயணக் களைப்பு."

"சரி சரி. நான் அறுக்கிறேனோ?" கிழவர் சிரித்தார். பிறகு இச்சினோசேயின் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியாதும்மா. வீட்ல யாரும் இதைக் கேக்க மாட்டாங்க. நான் வாயெடுத்தாலே, 'உங்க தப்பில்லப்பா, விடுங்க'ன்னு வாயை அடைச்சிருவாங்க. இவகூட."

சிஹாரு தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு. பையன் ஓட்டிப்போன வேன் கவுந்துருச்சு, வாங்கன்னு. நான் எங்க போனேன் தெரியுமா? மொதல்ல திருப்பத்துக்குப் போனேன். வேனுக்குள்ள கல்யாணக் கட்டி ஆறு தட்டும் அப்படியே இருந்துச்சு, ஒரு செதில் உதிரலை. அதை எடுத்து இன்னொரு வண்டில வச்சு, கல்யாண வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொன்ன நேரத்துக்குப் போகணும்லியா? அதுல இருவது நிமிஷம் போச்சு. நான் போறதுக்கு எட்டு நிமிஷம் முன்னாடி போயிட்டான்."

செகிகுச்சி நிமிர்ந்து பார்த்தான். இது கதையில் உண்டா? புதிதாகச் சொல்கிறாரா? இல்லை, புதிது இல்லை. சொல்லிப் பழகிய குரலில்தான் சொன்னார். எட்டு வருஷமாக ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறார். வேனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே இப்படி ஒன்று இருப்பதே இவனுக்குத் தெரியாது.

"இதை நான் யார்கிட்டச் சொன்னாலும், 'ஐயோ, நீங்க என்ன பண்ணுவீங்க'ம்பாங்க. சமாதானம். எனக்கு யார் சமாதானம் கேட்டா? இந்த மனுஷன் ஒருத்தர்தான், மொத தடவை சொன்னப்போ, ஒரு வார்த்தை பேசலை. என்னைப் பாத்து, ஆமான்னு தலையை ஆட்டினார்." கிழவர் மெதுவாகத் தலையை ஆட்டிக் காட்டினார். "ஆமா, நீ போகாம இருந்தது தப்புத்தான்னு. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கினேம்மா. அதுக்கப்புறம் இவர்கிட்டத் தவிர வேற யார்கிட்ட மிஷின் வாங்குவேன், சொல்லு."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது செகிகுச்சிக்கு. அந்த நேரத்தில் என்ன கணக்குப் போட்டுக்கொண்டிருந்தானோ, எந்தப் பட்டியலில் எந்த வரியில் இருந்தானோ. ஆடியது வெறும் கழுத்து. ஒரு மனிதர் அதை எடுத்து வைத்துக்கொண்டு எட்டு வருஷம் தூங்கியிருக்கிறார்.

"அவன் பேரே ஒரு…" என்று தொடர்ந்தவர் நின்றார். "அவன் பேரு…" நெற்றியைத் தேய்த்தார். "பெரியவன். எங்க பெரியவன். பேரு…" முகத்தில் ஒரு பயம் வந்தது. மீன் பேர் மறந்தபோது வராத பயம். "இதோ வாயில நிக்குது. நான் வச்ச பேரு. செகிகுச்சி-சான், நீங்க சொல்லுங்க. நீங்கதான் முழுசாக் கேட்டவர். பேரு என்ன?"

சிஹாருவுக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். வாய் திறக்கவில்லை, செகிகுச்சியைப் பார்த்தாள். பழிவாங்கும் பார்வை இல்லை அது. தெரிந்தால் சொல்லேன் என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது. கார்டில் எழுதியது பொய்யாக இருந்துவிடக்கூடாதா என்பது போல.

செகிகுச்சி தேடினான். உள்ளே பனி இருந்தது, வேன் இருந்தது, திருப்பம் இருந்தது. பேர் இல்லை. இயந்திர எண்கள் நான்கும் இருந்தன, தள்ளுபடி சதவீதம் இருந்தது. பேர் இல்லவே இல்லை.

"ரியோஹே-சான்," என்றாள் இச்சினோசே.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கன்னம் சிவந்துவிட்டது. "நீங்க ஆரம்பத்துல சொன்னீங்க. பனியில ரியோஹே பூட்ஸ் போட மாட்டான்னு…"

"ரியோஹே!" கிழவர் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார். "ஆமா. ரியோஹே. ரியோஹே." கண்ணீர் தாராளமாக ஓடியது. துடைத்துக்கொண்டு செகிகுச்சியைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளை போலச் சிரித்தார். "உங்களுக்குத் தெரியும். நானே ஞாபகப்படுத்திக்கட்டும்னு வேணும்னே சொல்லாம இருந்தீங்க. அப்படித்தானே?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. எனக்குத் தெரியாது முதலாளி, எட்டு வருஷமாக நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைச் சொல்லிவிட்டால் தனக்குப் பாரம் இறங்கும். அவருக்கு? அந்த முதல் இரவின் தூக்கத்தையும் சேர்த்தல்லவா பிடுங்கிக்கொண்டதாகும். அதனால்தான் சொல்லவில்லையா, பயத்தால் சொல்லவில்லையா, கிடங்கு நினைவுக்கு வந்ததா? அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

செகிகுச்சி தலையாட்டினான்.

*

கீழே, செருப்பு மாட்டுகிற இடத்தில், தொகாஷி உணவகத்துக்காரரோடு பேசிக்கொண்டு நின்றார். இச்சினோசே வாடகைக் காரைக் கூப்பிட வெளியே போனாள். சிஹாரு செகிகுச்சியின் பக்கத்தில் வந்து நின்றாள். கார்டு அவள் கைப்பைக்குள் போய்விட்டிருந்தது.

"நாளைக்குக் காலைல ஆர்டர் வந்துரும். அப்பா முடிவு பண்ணிட்டார்," என்றாள்.

செகிகுச்சி இடுப்பை மடித்துக் குனிந்தான். கம்பெனிக்காக அவன் எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டிருக்கிறான். கறுப்புக் கோட்டு, பலகாரப் பெட்டி, எத்தனை நிமிஷம் குனிந்திருக்க வேண்டும் என்பது வரை எல்லாத் தப்புக்கும் ஒரு முறை இருக்கிறது. "சிஹாரு-சான். நான் எழுதினது… எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னு…"

"எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? என்னைப் பத்தி நீங்க ஒண்ணும் எழுதலியே."

"அப்ப, முதலாளிகிட்டயே…"

"அவர்கிட்டக் கேட்டா எதுக்குன்னு சொல்லணும். சொல்லிருவீங்களா?"

அவன் நிமிரவில்லை.

"அண்ணன்கிட்ட வேணா கேக்கலாம், அவன் இல்லை," என்றாள். குரல் முதல் தடவையாக நடுங்கியது. "நானும் யோக்கியம் இல்லை. இருபத்தேழு வருஷமா அவர் வாயை அடைச்சவதான். அதனால உங்களை அறையவும் எனக்குக் கை வரலை."

"அடுத்த தடவையிலேர்ந்து இச்சினோசேயை அனுப்பறேன். நான் இனிமே இங்க…"

"அவளும் வரட்டும். ஆனா நீங்க வரணும். உங்களைத்தான் எதிர்பார்ப்பார். வராம இருந்தா என்னாச்சுன்னு கேப்பார், நான் என்ன சொல்ல? மூணு மாசத்துக்கு ஒருதடவை வாங்க. உக்காருங்க." கைப்பையை மூடிக்கொண்டாள். "கேளுங்க."

கார் வந்துவிட்டது. பனியும் மழையும் கலந்து விழுந்துகொண்டிருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல் தொகாஷி வாசலுக்கு வெளியே வந்தார். சிஹாரு குடையைப் பிடித்தாள். செகிகுச்சியும் இச்சினோசேயும் ஏறினார்கள், கதவு மூடியது, கிழவர் குனிந்தார். விருந்தாளியின் கார் கண்ணிலிருந்து மறையும்வரை நிமிராமல் இருப்பதுதான் அவர் பழக்கம். இவர்களும் இருக்கையில் திரும்பி, பின் கண்ணாடியைப் பார்த்துக் குனிந்தார்கள். இதெல்லாம் அரைநிமிஷத்தில் முடிகிற காரியம், முனை திரும்பினால் தீர்ந்தது.

முப்பது அடி போனதும் கார் நின்றுவிட்டது.

"சிவப்பு விழுந்துருச்சு," என்றார் ஓட்டுநர். "லாரி போற ரோடுங்க. இந்த சிக்னல் கொஞ்சம் நேரமாகும்."

உணவகத்தின் வாசல் விளக்கு நேர் பின்னால் தெரிந்தது. கிழவர் நிமிரவில்லை. குடைக்கு வெளியே நீண்டிருந்த அவர் முதுகில் ஈரம் படிந்துகொண்டிருந்தது.

"இன்னும் குனிஞ்சே இருக்கார்," என்று இச்சினோசே தழுதழுத்தாள். "போயிட்டோம்னு நெனச்சு நிமிரவே மாட்டாரா? இறங்கிப் போய் ஏதாவது சொல்லலாமா?"

"வேண்டாம்," என்றான் செகிகுச்சி. "சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை."

விளக்கு மாறவில்லை. செகிகுச்சி இருக்கையின் முதுகில் நெற்றியை அழுத்திக்கொண்டு அப்படியே குனிந்திருந்தான். வெளியே பெரியவரும் குனிந்திருந்தார், நன்றி சொல்லி.